மூன்றில் முடியும் எண்கள்

கையில் இருந்த டோக்கனை ஒரு பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. அந்த அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். அவருடைய டோக்கன் 84. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வரும் டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்பதால், 84க்கு அன்று வாய்ப்பே இல்லை. என்னுடையது 59.

"வீட்டுல அவசரங்க. நீங்க இத வெச்சிக்கினு முன்னாடி போய்ப் பாருங்க" என்றேன்.

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனசா என்று அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல மனசாவது மண்ணாவது. 59 என்கிற எண்ணைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவள் நான். என் இடது மார்பில் வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. அதைக் காட்டத்தான் வந்திருந்தேன். காட்டாமலே ஆட்டோ ஏறிவிட்டேன்.

59இல் அப்படி என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே இந்த வரிசை வாயில் வந்துவிடும். கல்லூரியில் முதல் வருஷம் கம்ப்யூட்டர் பாடத்தில் எட்டின் அடிமானம் நடத்தினார்கள். நமக்குப் பத்து விரல் இருப்பதால் பத்துப் பத்தாகக் கட்டுகிறோம், எட்டெட்டாகக் கட்டினால் அதே எண்ணுக்கு வேறு முகம் வரும் என்றார் வாத்தியார். வகுப்பில் பாதிப் பேர் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு அது உடனே பிடிபட்டது. எண்ணைப் பிடித்து மலையைச் சுற்ற விட வேண்டும், அவ்வளவுதான்.

நூறு லிங்கங்களைக் கடக்க வேண்டும் என்று வையுங்கள். பன்னிரண்டு முழுச் சுற்று, மீதி நான்கு. அந்தப் பன்னிரண்டு சுற்றையும் எட்டெட்டாகக் கட்டினால் ஒரு கட்டு, மீதி நான்கு. ஆக, நூறு என்பது எட்டில் 144. கடைசி இலக்கம் நான்கு என்றால் நூறு வந்து நிற்பது நான்காவது லிங்கமான நிருதியின் வாசலில். சினேகிதிகள் ரோல் நம்பரைச் சொல்லி, "எனக்கு யாருடி?" என்று கேட்பார்கள். குபேரன் வந்தவள் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மூன்று வந்தவளை எமன் பொண்டாட்டி என்று கிண்டல் செய்வோம். வெறும் விளையாட்டு.

அப்பா செத்தபோது அது விளையாட்டாக இல்லாமல் போனது. அவரைச் சேர்த்திருந்த வார்டில் கட்டில் எண் 27. பெயின்ட் உதிர்ந்த சுவரில் அந்த எண்ணை ஆறு நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று சுற்று, மீதி மூன்று. எட்டில் எழுதினால் 33. எமனுக்கு மேல் எமன். ஏழாம் நாள் விடிகாலையில் அப்பா போய்விட்டார். நுரையீரலில் சளி கட்டிப் போனார் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் கட்டிலை மாற்றச் சொல்லி நான் நர்ஸிடம் கேட்டிருக்கலாமே என்கிற எண்ணம் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது. அதை என்னால் விரட்டவே முடியவில்லை.

எனக்கு வேலை கிடைத்த இடமோ அதைவிட மோசம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் விண்ணப்பம் பதிகிற வேலை. காலையிலிருந்து மாலைவரை எண்கள்தான். பன்னிரண்டு இலக்க எண்ணையெல்லாம் மனசில் மாற்ற முடியாது. ஆனால் அதற்கு அவசியமும் இல்லை, ஆயிரத்தை எட்டு மீதியில்லாமல் வகுத்துவிடும். அதனால் எவ்வளவு நீள எண்ணானாலும் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே எந்த லிங்கத்தில் நிற்கும் என்று சொல்லிவிடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் பெயரைக் கேட்பதற்கு முன்பே அவருக்கு யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். எமனில் நிற்கிறவர்களின் விண்ணப்பத்தை மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பதிவேன்.

எட்டு எண்ணில் ஒன்று எமனுக்கு. அதோடு நின்றிருந்தால் காலத்தை ஓட்டியிருப்பேன். கொஞ்ச நாளில் கடைசி இலக்கம் மட்டும் போதவில்லை, மூன்று எங்கே வந்தாலும் ஆகாது என்று ஆனது. முதல் அறுபத்து நான்கு எண்களில் பதினைந்து கழிந்தது. எண் நீள நீள ஏதாவது ஓர் இடத்தில் மூன்று தலைகாட்டிவிடும், மூன்றே இல்லாத எண் அரிதாகிக்கொண்டே போகும். கணக்குத் தெரியாதவளாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். எனக்கோ சுவர் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று துல்லியமாகக் கணக்கிடவும் தெரிந்திருந்தது. ஆகாத எண் போட்ட பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். பிளவுஸ் பிட்டுக்குத் தையல்காரர் கொடுக்கும் ரசீதை மாற்றிக் கேட்பேன். பத்தொன்பது தேங்காயைக் கடையில் அடுக்கினால் நான் போய் இன்னொன்றைச் சேர்த்து வைப்பேன்.

கடை என் வீட்டுக்காரருடையது. ஆதி அண்ணாமலையார் கோயில் பக்கத்தில் தேங்காய், பழம், கற்பூரம் விற்கிறார். என் நடவடிக்கைகளைப் பார்த்து, "உனக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும்" என்று மட்டும் சொல்வார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படித்தவள், நாலு பேருக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறவள், ஓர் இலக்கத்துக்குப் பயப்படுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம்தான் என் வாயைக் கட்டியது. பயத்தைவிட அதுதான் பெரிய பூட்டு.

அந்த நிலைமையில்தான் கட்டி வந்தது. 59ஐக் கொடுத்துவிட்டு ஓடியது முதல் தடவை. எட்டில் அது 73. இரண்டாவது தடவை 35 கிடைத்தது, அது 43. மூன்றாவது தடவை நல்லவேளையாக 20 வந்தது. எட்டில் 24, ஒரு குறையும் இல்லை. நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என் பெயரில் ஒரு ஃபைல் போட்டு நீட்டினாள். மேலே 403 என்று எழுதியிருந்தது. 623. ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிறகு மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. குளிக்கும்போது தடவிப் பார்ப்பேன். கடலை கோலிக்குண்டு ஆனது, கோலிக்குண்டு நெல்லிக்காய் ஆனது. ஒவ்வொரு முறையும் அழுவேன். அழுதுவிட்டு, அடுத்த வாரம் நல்ல எண்ணாக வரும் என்று சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் தலை துவட்டும்போது நான் கையை அங்கே வைத்து அழுத்துவதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"டாக்டராண்ட காட்டினியா?"

"போனேங்க. டாக்டர் வரல."

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். டாக்டர் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை என்று அங்கே சொன்னார்கள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊசிக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டார் போல.

டாக்டர் வரும் அடுத்த நாள் சித்ரா பௌர்ணமியாக அமைந்தது. கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவனுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அன்று போய் அவர் சட்டை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன், ஏறு" என்றார்.

"கடை?"

"தம்பி பாத்துக்குவான். ரோட்ட மூடறதுக்குள்ள போயிடணும்."

ஐந்தரை மணிக்கே மொபெட்டில் கிளம்பினோம். முந்தின நாளே வந்து தங்கிய நோயாளிகள் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த டோக்கன் 11. ஒரு சுற்று, மீதி மூன்று. 13.

"பாத்ரூம் போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு நேராகக் கேட்டுக்கு நடந்தேன். வெளியே ரோடே தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ ஒன்றுகூட இல்லை. தடுப்புக் கம்பி ஓரத்தில் நின்ற போலீஸ்காரரிடம் அடி அண்ணாமலைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நடந்துதான்மா போவணும். எல்லாம் ஒரே பக்கமாதான் போவுது, எதிர்ல உட மாட்டோம்."

ஒரே பக்கம் என்றால் இந்திரன், அக்னி, அடுத்து எமன். மூன்றாவது லிங்கத்துக்குப் பயந்து ஓடுகிறவள், வீடு போய்ச் சேர அந்த மூன்றாவது லிங்கத்தின் வாசல் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் போக முடியாது. வாழ்க்கையில் அவ்வளவு வசமாக நான் மாட்டிக்கொண்டதில்லை.

திரும்பிப் பார்த்தால் அவர் பின்னால் நின்றிருந்தார். "பாத்ரூம் இந்தப் பக்கமா?" என்றார். கோபத்தில் அவருடைய தாடை இறுகியிருந்தது. "எதுக்கு ஓடற, சொல்லு. செத்துப் போவணும்னு இருக்கியா?"

செத்துவிடக் கூடாது என்றுதான் ஓடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, கேட் ஓரச் சிமென்ட் மேடையில் உட்கார்ந்து முழுவதையும் கொட்டினேன். லிங்கம், மீதி, அப்பாவின் கட்டில், 59, 35, 403, இன்றைக்கு 11. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. விரலை மடக்கி மடக்கி நான் சொன்னதைச் சரிபார்த்தார்.

"நீ ஏன் இந்திரன்லருந்து ஆரம்பிக்கற? அது டவுன்காரங்க கணக்கு. நாம நம்ம வாசல்லருந்துதான சுத்துறோம்? நம்ம வீட்ட உட்டா மொதல்ல வர்றது வாயு."

வாஸ்தவம்தான். இத்தனை வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நிமிஷம் மூச்சு இலகுவாக வந்தது. எங்கள் வாசலிலிருந்து எண்ணினேன். வாயு ஒன்று, குபேரன் இரண்டு, ஈசானியம் மூன்று. ஈசானிய லிங்கத்துக்குப் பக்கத்தில்தான் சுடுகாடு.

இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

"சரி உடு, எட்டே வாணாம்" என்றார் அவர். "நான் தேங்கா எண்றது எப்படி? குடுமியப் புடிச்சி கைக்கு மூணு, ரெண்டு கைக்கும் ஆறு. ஒரு வீச்சுக்கு ஆறு. பதினொண்ணுன்னா ஒரு வீச்சு, மீதி அஞ்சு. உன் எமன் எங்க?"

ஆறில் 11 என்பது 15. எமன் இல்லை. நான் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். ஐந்தில் 21. ஏழில் 14. ஒன்பதில் 12. எட்டைத் தவிர நான்கில் மட்டும் 23 என்று மூன்றில் முடிந்தது. அப்படியானால் 11 அவ்வளவு கெட்டதில்லை. ஒரு தைரியம் வந்தது. அடுத்து, எந்த அடிமானத்தில் எழுதினாலும் மூன்றில் முடியாத எண் எது என்று கண்டுபிடிக்கத் தோன்றியது. அது கிடைத்துவிட்டால், அந்த டோக்கன் வரும் நாளில் தைரியமாக வரலாம். பாருங்கள் என் புத்தியை, அந்த நேரத்திலும் இன்னொரு நாளைத்தான் தேடியது.

எனக்குக் கிடைத்த சுத்தமான 20ஐ எடுத்தேன். பதினேழு பதினேழாகக் கட்டினால் ஒரு கட்டு, மீதி மூன்று. 13. அந்தப் பெரியம்மாவின் 84ஐ எடுத்தேன். ஒன்பதில் 103. எண்பத்தொன்றில் 13. பேனா அப்படியே நின்றுவிட்டது. எந்த எண்ணை எடுத்தாலும் அதிலிருந்து மூன்றைக் கழித்து, வந்ததை அடிமானமாக வைத்தால் ஒரு கட்டு, மீதி மூன்று. ஏழிலிருந்து மேலே எல்லா எண்ணும் எங்கேயோ ஓரிடத்தில் 13. தப்பவே முடியாது. நல்ல எண் என்று நான் காத்திருந்த எண் உலகத்திலேயே கிடையாது.

அவரிடம் சொன்னேன். முழுவதும் விளங்கியதோ இல்லையோ, கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டார். "ஏழுலருந்துதானா? அப்ப ஏழுக்குக் கீழ?"

"ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு, ஆறு. இந்த அஞ்சும் எதுல எழுதினாலும் மூணுல முடியாது."

"அடிப்பாவி, அதுக்கு நேத்தே வந்து படுத்திருக்கணுமேடி" என்றார். உள்ளே நர்ஸ் பதினொன்றைக் கூப்பிட்டாள். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் போனேன். பயம் போகவில்லை. ஓடுவதற்கு இடம் இல்லாமல் போனதால் போனேன்.

டாக்டரம்மா தடவிப் பார்த்தார். அக்குளையும் அழுத்திப் பார்த்தார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"இது எத்தனை மாசமா இருக்கு?"

"எட்டு மாசம்."

சொல்லும்போதே மனசு அதை மாற்றிவிட்டது. எட்டில் எழுதினால் 10. ஒரு முழுச் சுற்று, மீதி ஒன்றும் இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா கட்டிய மட்டும் எடுத்திருப்பேன். இப்ப முழுசா எடுக்கணும்மா. அப்புறம் மருந்து ஏத்தணும்."

வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்றிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலூரில் ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றுவது மட்டும் இங்கேயே. முதல் ஊசியும் இரண்டாவது ஊசியும் முடிந்து, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு அடுத்த ஊசிக்கு அதே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியம்மா என் எதிரே வந்து நின்று உற்றுப் பார்த்தார். கன்னம் பூசினாற்போல இருந்தது. தலை நிறைய முடி, பூ வைத்திருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அன்னிக்கி டோக்கன் குடுத்த பொண்ணுதான நீ?"

59ஐ வாங்கிக்கொண்ட கீழ்பென்னாத்தூர் அம்மா. என் பக்கத்தில் உட்கார்ந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ குடுக்கலன்னா நான் அப்பிடியே ஊரப் பாக்கப் போயிருப்பேன். மறுபடி பஸ் ஏறி வர்ற ஆளா நானு? அன்னிக்கே பாத்து, சின்னதா இருக்கசொல்லோவே எடுத்துட்டாங்க. கட்டி மட்டுந்தான். இப்ப சும்மா காட்டிட்டுப் போவ வந்தேன். உன்ன நெனைக்காத நாள் கெடையாதும்மா."

எமனை அவர் தலையில் கட்டிவிட்டு ஓடினேன் என்று எத்தனையோ நாள் குற்ற உணர்ச்சியில் கிடந்திருக்கிறேன். அவருக்குக் கொடுத்தது என்னுடைய எட்டு மாதத்தை. அவர் என் ஸ்கார்ஃபைப் பார்த்தார். பார்வை மெதுவாக என் இடது பக்கம் போய் நின்றது.

"உனக்கு என்னம்மா? வீட்டுல அவசரம்னு போனியே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குள் நர்ஸ் அட்டையோடு வந்து, "அக்கா, உங்களுக்கு இது எத்தினியாவது ஊசி?" என்று கேட்டாள்.

"மூணாவது" என்று சொல்லி, இடது கையில் போடக் கூடாது என்பதால் வலது கையை நீட்டினேன்.